டேமு ஓரத்துக்கு ஓட்டலு

"அதான் சொல்றேன்ல, தலைக்கு மேல ஃபேனு சுத்திக்கினே இருந்திச்சு. நான் அதுக்கு நேரா கீழ உக்காந்துக்கினு இருந்தேன்."

"யக்கா, நீ அந்த ஓட்டலுக்கு போயி வந்ததுலேருந்து இத்தோட இருவது வாட்டி சொல்லிட்ட. கெண்ட மீனு கருகுது பாரு, திருப்பிப் போடு."

அன்னமேரி திருப்பிப் போட்டா. கை பாட்டுக்கு வேல செஞ்சிது, வாயி பாட்டுக்கு பெங்களூர்லயே இருந்திச்சு. பக்கத்து அடுப்புல இருந்த முனிலட்சுமிக்கு சிரிப்பு தாங்கல.

கிருஷ்ணகிரி டேமுக்கு கீழ, பார்க்கு கேட்டுக்கு எதுத்தாப்புல, புளியமரத்து நெழல்ல மொத்தம் ஆறு அடுப்பு. ஆறும் பொம்பளைங்க வெச்சிருக்கறது. மொத அடுப்பு அன்னமேரிது, ரெண்டாவது முனிலட்சுமிது. மீனு இவங்க விக்கறதில்ல. சனங்க அந்தாண்ட மீன் ஸ்டால்ல எட போட்டு வாங்கியாந்து குடுப்பாங்க, இவங்க அலசி, அறுத்து, மசாலா தடவி, பொரிச்சுத் தரணும். பொரிக்கற கூலிதான் இவங்களுக்கு. ஞாயித்துக்கெழமன்னா பெங்களூர்லேருந்து காரு வரும், சேலத்துலேருந்து பஸ்சு வரும், ஒரே வாணால்ல அஞ்சு குடும்பத்து மீனு ஒண்ணா வேவும். யாருது எதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் வெட்டு. கண்ணாடி போட்டவரு மீனுக்கு குறுக்க மூணு வெட்டு, பச்சப் பொடவ அம்மா மீனுக்கு பெருக்கல் குறி, லாரிக்காரரு மீனுக்கு வாலு ஓரமா ஒரு கீறலு. மசாலா ஏறறதுக்கும் அதே வெட்டுதான், அடையாளத்துக்கும் அதே வெட்டுதான். பத்து வருசத்துல ஒரு ஆளு மீனு இன்னொரு ஆளு எலைக்கு போனதில்லன்னு அன்னமேரிக்கு ஒரு கர்வம் உண்டு.

அது பொரட்டாசி மாசம். அறுபத்தெட்டாம் வருசம். பெருமாளு மாசம்னு பாதி சனம் மீனப் பாக்காது. முனிலட்சுமியும் விரதம்தான். ஆனா அடுப்ப அணைக்க முடியுமா? அவ பொரிப்பா, வாயில வெக்க மாட்டா. மசாலாவுல உப்பு பாக்கறதுக்கு ஒரு சிட்டிகைய வெரல்ல எடுத்து அன்னமேரி கிட்ட நீட்டுவா.

"பாத்து சொல்லுக்கா."

"கம்மி. இன்னும் அர கை போடு."

"நேத்தும் கம்மின்னுதான் சொன்ன. அப்பறம் அந்த போலீசுக்காரரு தண்ணி தண்ணின்னு பார்க்குக் கொழாயிலயே வாய வெச்சிட்டாரு."

"ஒம் பெருமாளுக்கு விரதம் நீ இருக்கற. உப்பு பாக்கற பாவம் எனக்கு. இதுல குத்தம் வேற."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. காத்து டேமு பக்கத்துலேருந்து ஈரமா வந்திச்சு.

சரி, அந்த பெங்களூரு கத என்னன்னா, போன மாசம் மாதா திருநாளுக்கு கோயில் சனங்களோட சிவாஜிநகருக்கு போயிருந்தா அன்னமேரி. புருசன் சூசை வரல, அவனுக்கு டேமுல பரிசல் ஓட்டற வேல, லீவு கெடையாது. பூசை முடிஞ்சு வெளிய வந்தா மழ. கூட வந்தவங்க செதறிட்டாங்க. இவ ஒதுங்குனது ஒரு ஓட்டலு வாசல்ல. மேல பெருசா போர்டு, மங்கள விலாஸ்னு. கன்னடத்துல, தமிழ்ல, இங்கிலீசுல. உள்ளேருந்து ஒரு வயசான ஆளு, தோள்ல துண்டு, "ஒளக பன்னி அம்மா"ன்னான். உள்ள வான்னு. இவ திரும்பிப் பாத்தா, பின்னாடி யாரையாவது கூப்புடறானோன்னு. யாரும் இல்ல.

உள்ள போயி உக்காந்தா. கல்லு போட்ட டேபிளு. ஒரு காப்பி. அவ்வளவுதான். குடிச்சு முடிச்சா. முடிச்ச ஒடனே என்ன பண்ணா தெரியுமா, பழக்க தோசத்துல எழுந்து, கிளாச கையில எடுத்துக்கினு, கழுவி கவுக்கறதுக்கு தண்ணி எங்க இருக்குதுன்னு தேடிக்கினு பின்பக்கமா போயிட்டா. சமையல்கட்டு வரைக்கும் போயிட்டா!

அன்னமேரி பொறந்து வளந்தது கெலமங்கலம் பக்கத்து சேரி. அங்க டீக்கடையில அவங்க சனத்துக்கு தனி கிளாசு. குடிச்சிட்டு அவங்களே கழுவி, கூரயில சொருவி வெக்கணும். பாட்டன் காலத்துல கிறிஸ்து வேதத்துல சேந்தாங்க, பேரு மாறிச்சு, ஞாயித்துக்கெழம பூசை வந்திச்சு, கிளாசு மாறல. அப்பறம் டேமு கட்ட ஆளு எடுத்தப்ப கல்லு சொமக்க வந்தவதான் இங்கயே தங்கிட்டா. இங்கதான் கல்லு ஒடைக்கற சூசையப் பாத்தா, கட்டிக்கினா. இங்கயும் அதே கததான். அதனாலதான் அந்த மழயில, பெங்களூர்ல, அவ்வளவு பெரிய ஓட்டல்ல, அவ காலு தானா பின்பக்கம் போச்சு.

துண்டு போட்ட ஆளு ஓடியாந்து கையிலேருந்து கிளாச வாங்கினான். "இர்லி அம்மா, அது நம்ம கெலசா"ன்னான். இருக்கட்டும்மா, அது எங்க வேலன்னு. சொல்லிட்டு அவன் பாட்டுக்கு போயிட்டான். அவனுக்கு அது ஒண்ணுமே இல்ல. அன்னமேரிக்கு கையி ரெண்டும் என்ன பண்றதுன்னு தெரியல. சும்மா தொங்கிச்சாம். பஸ்சு ஏறி ஒசூரு தாண்டற வரைக்கும் சும்மாவே தொங்கிச்சாம்.

இத்ததான் இருவது வாட்டி சொல்லிட்டா.

இப்ப வெவகாரம் என்னன்னா, அதே மங்கள விலாசு டேமுக்கு வரப்போவுது! பெங்களூர்ல ரெண்டு, கோலார்ல ஒண்ணு, இங்க நாலாவது ப்ராஞ்சு. போன வாரம் சேசகிரின்னு ஒரு மேனேஜரு டேப்பு புடிச்சிக்கினு வந்து, பார்க்கு கேட்டு பக்கத்துல அளந்துட்டு போனாரு. கீழ ஓட்டலு, பக்கத்துல ஒரு ஸ்டோரு. பிஸ்கட்டு, சோப்பு, ஊறுகா எல்லாம் அலமாரியில அடுக்கி இருக்குமாம், நாமளே போயி கையில எடுத்துக்கலாமாம். முனிலட்சுமி அத்த நம்பவேயில்ல. "நாமளே எடுத்தா கடக்காரன் எதுக்கு ஒக்காந்திருக்கான்? வேடிக்க பாக்கவா?"

ஆனா ஒரு கண்டிசன். அது சைவ ஓட்டலு. மீனு வாசன ஆவாது. ஆறு அடுப்பும் அங்கேருந்து எழுந்து, கால்வா ஷட்டருக்கு கீழ போயிடணும். அங்க பஸ்சும் நிக்காது, காரும் வராது. அங்க போயி பொரிச்சா நாயிதான் திங்கணும். அன்னமேரி மக அருள்செல்வி கிருஷ்ணகிரியில கன்னியாஸ்திரிங்க போர்டிங்ல தங்கி படிக்கறா, அந்தப் படிப்பே இந்த அடுப்புலதான் வேவுது.

டேமையும் பார்க்கையும் பாத்துக்கற எஞ்சினியர் அய்யா என்ன சொல்லிட்டாருன்னா, "ஆறு அடுப்புக்காரங்களும் சேந்து வேணாம்னு எழுதிக் குடுத்தா நான் மேல எழுதறேன். ஒருத்தரு கொறஞ்சாலும் எழுத மாட்டேன். திங்கக்கெழம வர்றேன்."

அஞ்சு பேரு கைநாட்டு வெச்சிட்டாங்க. ஆறாவது அன்னமேரி. அவ வெக்கல. "பாக்கலாம்"னுட்டா.

அந்தப் பேச்சு நடந்துக்கினு இருக்கும்போதே, கிருஷ்ணப்பன் வந்தான். பார்க்கு கேட்டாண்ட டீக்கட அவனுது. மனு எழுதினதும் அவன்தான், மேல மொத கையெழுத்து போட்டதும் அவன்தான். ஓட்டலு வந்தா அவன் டீய யாரு குடிப்பா? ஒரு கையில மடிச்ச காயிதம், இன்னொரு கையில ஒரு கிளாசு டீ. கண்ணாடி கிளாசு.

"அன்னமேரி, இந்தாம்மா, சூடா குடி."

அன்னமேரி கிளாசப் பாத்தா. முனிலட்சுமி அன்னமேரியப் பாத்தா. பத்து வருசமா அவன் கடையில சூசைக்கும் இவளுக்கும் அலுமினிய டம்ளரு, கட பின்னாடி தட்டியில ஆணியில தொங்கும். கண்ணாடி கிளாசு முன்னாடி பெஞ்சு சனத்துக்கு.

"என்னாங்க கடக்காரரே, டம்ளரு ஓட்ட ஆயிடிச்சா?"

"அட, அதெல்லாம் எதுக்கும்மா இப்ப. நாம எல்லாம் ஒண்ணு. குடி, ஆறிடும். குடிச்சிட்டு இதுல ஒரு கைநாட்டு வெச்சிடு, மை கொண்டாந்திருக்கறேன்."

"மை எதுக்கு? காயிதத்தக் குடு, படிக்கறேன்."

கிருஷ்ணப்பன் முழிச்சான். டேமு கட்டறப்போ சாயங்காலத்துல கன்னியாஸ்திரி அம்மாங்க வந்து கல்லு சொமக்கற பொண்ணுங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது அவனுக்கு என்ன தெரியும்? அன்னமேரி கையத் தொடச்சிக்கினு, காயிதத்த தூரமா புடிச்சிக்கினு, ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கூட்டி படிச்சா.

"கனம் எஞ்சினியர் அவர்கள் சமூகத்திற்கு... அந்நிய ஊர் முதலாளிகள் இங்கு ஓட்டலும் ஸ்டோரும் வைத்தால்... ஏழை எளிய நாங்கள்... இத்தனை காலமும் ஒரே குடும்பமாக வாழ்ந்து வருகிறோம்..."

அங்க நின்னுட்டா.

"ஒரே குடும்பமா?"

"ஆமா. ஏன், எழுத்து சரியில்லயா?"

"எழுத்து நல்லாத்தான் இருக்குது. கடக்காரரே, ஒண்ணு கேக்கறேன். நீங்க போன மாசம், விரதத்துக்கு முந்தி, எங்கிட்ட எத்தன துண்டு மீனு வாங்கித் தின்னீங்க?"

"அது... எண்ணெயில பொரிஞ்சது. தீயில பட்டதுக்கு என்னா தீட்டு இருக்குது."

"அப்ப எம் மீனு ஒங்க வாயிக்குள்ள போவும். எம் வாயி ஒங்க கிளாசுக்கு ஆவாதா?"

முனிலட்சுமி முந்தானைய வாயில வெச்சிக்கினு அந்தப் பக்கம் திரும்பிட்டா. கிருஷ்ணப்பன் மூஞ்சி செவந்துடிச்சு.

"அதான் இப்ப கிளாசுலயே கொண்டாந்திருக்கறேனே!"

"இங்க கொண்டாந்தீங்க. அடுப்பாண்ட. அதுவும் கையெழுத்துக்கு. டீய எடுத்துக்கினு போங்க, காயிதத்த வெச்சிட்டு போங்க. பாக்கறேன்."

அன்னிக்கு பொழுது சாயறப்போ வூட்ல களி கெளறிக்கினு இருந்தா. சூசை பரிசல கரையில கவுத்துட்டு ஈரத் துணியோட வந்தான். டேமு கட்டும்போது கல்லு வுழுந்து எடது காலு கட்டவெரலு போயிடிச்சு, அதனால தண்ணியில நின்னு நின்னு வந்தா கொஞ்சம் சாஞ்சு சாஞ்சுதான் நடப்பான். களிக்கு நடுவுல குழி பண்ணி மீன் கொழம்ப ஊத்தி வெச்சா.

"ஏமே, கைநாட்டு வெக்கலியாமே நீ?"

"கைநாட்டு இல்ல. கையெழுத்து."

"ஏதோ ஒண்ணு. வெக்கலியா?"

"வெக்கல."

சூசை ரெண்டு உருண்ட முழுங்கினான். அப்பறம், "ஒரு காப்பி உக்காந்து குடிக்கறதுக்காவ அடுப்ப அணைப்பியா? பொண்ண போர்டிங்லேருந்து கூட்டியாந்துடலாமா? சொல்லு."

"காப்பிக்காவ இல்லய்யா."

"வேற எதுக்கு?"

கரண்டியால சட்டிய சொரண்டினா. "நீ அந்த ஆளு சொன்னத கேட்டிருந்தா தெரியும். கோவமா சொல்லல. பாவம் பாத்தும் சொல்லல. கிளாச வாங்கினான், போயிட்டான். அப்படி ஒரு எடம் நம்ம வாசல்லயே வருதுய்யா. நீ டெய்லி போயி உக்காரலாம். பின்னாடி தட்டியாண்ட நின்னு குடிக்க வாணாம்."

"நீ ஒண்ணு புரிஞ்சிக்கல மே. பெங்களூர்ல ஒன்ன எவனுக்கும் தெரியாது. மழைக்கு ஒதுங்கின, யாரோ ஒரு அம்மா. இங்க? பரிமாறப் போறவன் யாரு? கிருஷ்ணப்பன் மச்சான்தான் வேலைக்கு சேருவான். அவனுக்கு நான் யாருன்னு தெரியும். எங்கப்பன் யாருன்னு தெரியும். ஃபேனு சுத்தும், டம்ளரு அதேதான் வரும். அப்ப என்னா பண்ணுவ? அடுப்பும் போச்சு, அதுவும் போச்சு."

இத்த அவ யோசிக்கவேயில்ல. வெளிய தூறலு புடிச்சிக்கினு, கூரயில சட சடன்னு சத்தம்.

ரொம்ப நேரம் கழிச்சு இல்ல, கை கழுவிட்டு வந்து பாயில சாஞ்சப்ப, சூசையே மெல்ல கேட்டான்.

"அந்த டேபிளு. கல்லுன்னியே. என்னா கல்லு?"

"வெள்ளக் கல்லு. உள்ள சாம்பல் கோடு ஓடுது. கைய வெச்சா சில்லுனு இருக்குது."

"நம்ம ஊரு கருங்கல்லு இல்ல அது. வடக்கேருந்து வரும். உளி புடிச்சு, மெருகு ஏத்தியிருப்பாங்க. ஓரம் ஒடைஞ்சிருந்திச்சா?"

"இல்லய்யா, வழவழன்னு உருட்டியிருந்தாங்க."

"உருட்டறது கஷ்டம்," அப்படின்னான். மறுபடியும், "ஓரம் உருட்டறது ரொம்ப கஷ்டம்." கண்ணத் தொறந்துக்கினே படுத்திருந்தான்.

வியாழக்கெழம மேனேஜரு சேசகிரி மறுபடியும் வந்தாரு. கொடைய மடிச்சு வெச்சிக்கினு புளியமரத்தடியில பஸ்சுக்கு நின்னாரு. மூக்கத் துண்டால பொத்திக்கல, அதையும் அன்னமேரி கவனிச்சா. அவ அடுப்ப முனிலட்சுமி கிட்ட வுட்டுட்டு போயி நின்னா.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளம்மா."

"பரிமாறறதுக்கு இங்கத்து ஆளுங்கள வெப்பீங்களா?"

"இங்கத்து ஆளா? இல்ல, இல்ல. எல்லாம் குந்தாபுரா பக்கத்து ஆளு. நம்ம ஊரு. ஒரு ப்ராஞ்சிலேருந்து இன்னொரு ப்ராஞ்சிக்கு மாத்துவோம்."

"கிளாசு?"

"கிளாசுக்கு என்ன?"

"எல்லாருக்கும் ஒரே கிளாசா?"

அவரு கேள்வியே புரியாத மாதிரி பாத்தாரு. "ஒரே கிளாசு, ஒரே சாம்பாரு. சிவாஜிநகர்ல குடிச்சாலும் கோலார்ல குடிச்சாலும் காப்பி ஒரே ருசி இருக்கணும். டேபிளு ஒரே கல்லு. முதலாளி ரூலம்மா. எதையும் ஊருக்கு ஊரு மாத்தக் கூடாது."

"வர்றவங்கள யாரு, எவருன்னு..."

"காசு குடுத்தா கஸ்டமரு. அத்த கேட்டுக்கினு உக்காந்தா எப்ப எல போடறது?"

அன்னமேரிக்கு சிரிக்கணும் போல இருந்திச்சு. சூசை சொன்னது தப்பாயிடிச்சு! எதையும் ஊருக்கு ஊரு மாத்தக் கூடாதாம். ஊரு பழக்கம் உள்ளயே நொழையாத ஒரு கட. அவளுக்கு அப்பவே அந்த வெள்ளக் கல்லு மேல சூசை கைய வெச்சுப் பாக்கற மாதிரி தெரிஞ்சிது.

"அப்படின்னா சாமி, இந்த அடுப்புங்க மட்டும் இங்கயே ஓரமா..."

"அது ஆகாதம்மா." அவரு மொகம் வருத்தமாத்தான் இருந்திச்சு. "தப்பா நெனைக்காத. மீனு வாசன வந்தா எங்க கஸ்டமரு ஒருத்தர் கூட படி ஏற மாட்டாங்க. அதுவும் ரூலுதான். நாலு ப்ராஞ்சிக்கும் ரூலு ஒண்ணே."

பஸ்சு வந்திச்சு, ஏறிட்டாரு. அன்னமேரி திரும்பி வந்து அடுப்பாண்ட குந்துனா.

"என்னாக்கா சொன்னாரு?"

"இவரு என்னிய உள்ள வுடறாரு முனி, எம் அடுப்ப வுடல. கிருஷ்ணப்பன் எம் அடுப்ப பக்கத்துல வுடறான், என்னிய உள்ள வுடல."

முனிலட்சுமி நெருப்ப ஊதிக்கினே யோசிச்சா. அவ ரெட்டியாரு தோட்டத்துல கூலி வேல பாத்துக்கினு இருந்துட்டு இங்க வந்தவ, வூட்ல தெலுங்கு. கிருஷ்ணப்பன் கடையில அவளுக்கு கண்ணாடி கிளாசுதான். அதுல அவளுக்கு எப்பவும் ஒரு கூச்சம், அன்னமேரி முன்னாடி அங்க போயி குடிக்கவே மாட்டா.

"யக்கா, எனக்கு மூணு புள்ளைங்க. நீ போடலன்னா நாங்க அஞ்சு பேரும் ஷட்டருக்கு கீழதான். அத்த மட்டும் நெனச்சிக்க. வேற நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அது ஒண்ணுதான் அன்னமேரிய உலுக்கிடிச்சு. தன் அடுப்பா இருந்தா கூட பரவாயில்ல. அஞ்சு அடுப்பு, அஞ்சு வூட்டு புள்ளைங்க.

திங்கக்கெழம. மழ வுட்டு வெயிலு பளீர்னு அடிச்சிது. டேமு மதகுல தண்ணி எறங்கற சத்தம் கேட்டுக்கினே இருந்திச்சு. எஞ்சினியரு ஜீப்பு பதினோரு மணிக்கு வரும்னு பேச்சு. பத்தரைக்கே கிருஷ்ணப்பன் கடையில இருந்து ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டான். அன்னமேரி காயிதத்த இடுப்புல சொருவிக்கினு, சூசையக் கூப்புட்டா.

"வாய்யா."

"எங்க?"

"கடைக்கு."

சூசை பழக்கமா தட்டி பக்கம் திரும்பினான். அவ அவன் சட்டையப் புடிச்சு இழுத்துக்கினு முன்பக்கமா போனா. பெஞ்சுல நாலு பேரு. நேரா போயி காலியா இருந்த ஓரத்துல உக்காந்தா. சூசை நின்னான். "உக்காரு"ன்னா. பாதி பின்பக்கம்தான் பெஞ்சுல படற மாதிரி உக்காந்தான்.

பெஞ்சு ஓரத்துல இருந்த சென்னப்பன் எழுந்தான். துண்ட ஒதறினான். "பீடி வாங்கணும்"னுட்டு, கடையிலயே தொங்கற பீடிக்கட்ட பாத்துக்கினே வெளிய போயிட்டான்.

"கடக்காரரே, ரெண்டு டீ. கண்ணாடியில."

கிருஷ்ணப்பன் பல்லக் கடிச்சான். ஆனா ஜீப்பு வர்ற நேரம். டீ ஆத்தினான், ரெண்டு கிளாசு கொண்டாந்து பெஞ்சு மேல வெச்சான். கையில குடுக்கல. சூசை அத்த ரெண்டு கையாலயும் எடுத்தான்.

"இப்ப போடறியா?"

"போடறேன். பேனா குடு."

காயிதத்த தொடை மேல விரிச்சா. கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவுல ரெண்டு வெரலு அகலத்துக்கு எடம் இருந்திச்சு. அதுல குனிஞ்சு, நாக்க ஓரமா கடிச்சிக்கினு, பெரிய பெரிய எழுத்தா எழுதினா. எழுதி முடிக்க நேரமாச்சு.

"பேரு எழுத இவ்வளவு நேரமா?" அப்படின்னு கிருஷ்ணப்பன் நக்கலா கேட்டான்.

"எம் பேரு நீளங்க." ஆறாவது அடுப்புக்காரியா கையெழுத்தப் போட்டா. ஜீப்பு சத்தம் கேட்டதும் எழுந்து போயி, அவளே எஞ்சினியரு கையில குடுத்தா.

எஞ்சினியரு ஜீப்புல உக்காந்தபடியே படிச்சாரு. சத்தமா படிக்கறது அவரு வழக்கம். "...அந்நிய ஊர் முதலாளிகள்... ஒரே குடும்பமாக வாழ்ந்து வருகிறோம்..." அடுத்த வரிக்கு வந்ததும் கண்ணாடிய ஏத்திக்கினாரு. "இது வேற கையெழுத்தா இருக்கே. 'இந்த டீக்கடையில் நாங்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உக்காந்து ஒரே கிளாசில் குடிக்கிறோம்.' அப்படியா?"

முனிலட்சுமி சட்டுவத்த அப்படியே தூக்கிப் புடிச்சிக்கினு நின்னா.

"யாரு இந்த கிருஷ்ணப்பன்? மொத கையெழுத்து?"

"நான்... நான்தாங்க அய்யா."

"இந்த வரி சரிதானே?"

கிருஷ்ணப்பன் அன்னமேரியப் பாத்தான். பாத்த பார்வையில மொளகா வறுக்கலாம். இல்லன்னு சொன்னா கேசு. தீண்டாம ஒழிப்பு சட்டம் வந்து பதிமூணு வருசம் ஆச்சுன்னு அவனுக்கும் தெரியும். காயிதம் பொய்யின்னு சொன்னா ஓட்டலு வந்துடும்.

"ஆமாங்கய்யா," அப்படின்னான்.

"நல்லது. ரொம்ப நல்லது. எத்தன ஊர்ல இது இல்ல தெரியுமா? எனக்கும் ஒரு டீ போடுப்பா." ஜீப்பவிட்டு எறங்கி வந்து, அந்த மனுசன் சூசை பக்கத்துல, அதே பெஞ்சுல உக்காந்துட்டாரு. சூசை இன்னும் கொஞ்சம் நிமிந்து, முழுசா உக்காந்தான்.

ஓட்டலு வரல. நாலாவது ப்ராஞ்ச அடுத்த வருசம் ஒசூர்ல மெயின் ரோட்டு மேல தொறந்தாங்க. லாரிக்காரங்க வந்து சொல்றாங்க, ஸ்டோருல எல்லாத்தையும் நாமளே எடுக்கலாமாம், நெசம்தானாம். முனிலட்சுமி இன்னமும் நம்பல.

சூசை டெய்லி காலையில பெஞ்சுல போயி உக்காந்து டீ குடிக்கறான். சென்னப்பன் அந்தக் கடைக்கு வர்றத வுட்டுட்டான். கிருஷ்ணப்பன் கிளாச இன்னமும் பெஞ்சு மேலதான் வெக்கறான், கையில தர்றதில்ல, மொகத்தப் பாத்துப் பேசறதும் இல்ல. கையெழுத்துக்கு மேல அன்னமேரி வரிய சொருவிட்டான்னு ஊர்ல ஒரு பேச்சு, திருட்டுத்தனம்னு. அஞ்சு பேரு கைநாட்டு வெச்சப்ப இல்லாத வரி அது, உண்மதான். முனிலட்சுமியே ஒரு நாளு கேட்டுட்டா, "எங்கிட்ட சொல்லிட்டு எழுதியிருக்கலாமேக்கா"ன்னு.

அவளுக்கு அந்த டீ எறங்கறதில்ல. பெஞ்சுல உக்காந்தா, எழுந்து போற வரைக்கும் எல்லாரும் அவள மறக்க மாட்டேங்கறாங்க. பெங்களூர்ல அந்த ஓட்டல்ல அப்படி இல்ல, அங்க அவ இருக்கறதே யாருக்கும் ஒரு சேதி இல்ல. அந்த மாதிரி இன்னொரு வாட்டி உக்காரணும்னு ஏங்கறா. ஒசூரு பஸ்சு ஒவ்வொண்ணும் போறப்ப கழுத்து தானா திரும்புது. "ஒரு நாளு ரெண்டு பேரும் போலாம் மே"ன்னு சூசை சொல்றான். ஞாயித்துக்கெழம அடுப்ப வுட்டுட்டு எங்க போறது?

நீங்களே சொல்லுங்களேன், அவ அந்த ஓட்டல வரவுட்டிருக்கணுமா, இல்ல அவ எழுதின ஒரு வரிதான் சரியா? அவ எடத்துல நீங்க இருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?